ஏசி போட்டால் பதிமூன்று புள்ளி ஒன்று

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பெருமைக்குச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பரோட்டா பார்சல் வாங்கினால் கடை வாசலிலேயே பிரித்து எண்ணிப் பார்ப்பேன். டாக்டர் "ஒண்ணுமில்ல, சாதாரணக் காய்ச்சல்தான்" என்றால், எதை மறைக்கிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இளநீர்க்காரர் "தண்ணி நிறையா இருக்குண்ணே" என்று நீட்டினால் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்து, சத்தம் வந்தால்தான் வெட்டச் சொல்வேன். (நிறைந்த இளநீர் குலுங்காது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் ஒருவர் சொன்னார். அதுவரை நல்ல காயையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரைத் தண்ணீர்க் காய்களாகத் தேடித் தேடிக் குடித்திருக்கிறேன்.)

என் பிழைப்பும் அதற்கு ஒரு காரணம். கடைகளில் உள்ள தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அலுவலகத்தில் வேலை. மதுரை தல்லாகுளம் பக்கம் ஆபீஸ். காய்கறிக் கடை, கறிக்கடை, நகைக்கடை என்று எங்கே போனாலும் "இந்தத் தராசுக்கு எப்ப முத்திரை வச்சீங்க?" என்பதுதான் என் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி. இருபது வருடம் இதையே கேட்டுக்கொண்டிருந்தால் மனிதனுக்கு வேறு எந்தப் பேச்சும் வராது.

"கல்யாணத்தன்னைக்குத் தாலியவே எடை போட்டுப் பாத்த மனுசன்" என்று என் மனைவி கலையரசி இன்றைக்கும் சொல்லுவாள். (இது அபாண்டம். கையில் வைத்துச் சும்மா தூக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்.)

இப்படிப்பட்டவனிடம் ஒரு பழைய காரைக் கொடுக்கலாமா? என் மாப்ள கொடுத்தார்.

மாப்ள என்றால் என் ஒரே தங்கை செல்வியின் வீட்டுக்காரர் முருகானந்தம். திருமங்கலத்தில் பந்தல் போடுவது, நாற்காலி, பாத்திரம், மைக் செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். குடும்பம் பெரிதாகிறது என்று பெரிய வண்டி ஒன்று எடுத்தார். எடுத்த மறுநாளே எனக்குப் போன். "மச்சான், எதுக்கு பஸ்சுக்கு நின்னுக்கிட்டு இருக்கீக? நம்ம பழைய வண்டிய நீங்களே வச்சுக்கங்க. வெளிய குடுக்க மனசு வரல." நான் சொன்ன விலைக்குச் சரி என்றார். திருநகரில் என் வீட்டுக்கே வந்து சாவியைக் கையில் கொடுத்தார். வண்டியைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். அதோடு விட்டிருக்கலாம். டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விற்கிற வண்டிக்கு எவனாவது டேங்கை நிரப்பிக் கொடுப்பானா? நான் கேள்விப்பட்டதே இல்லை. கொடுக்கிறவன் இருக்கிற பெட்ரோலையும் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டுதான் கொடுப்பான். அதுதான் உலக நடைமுறை. நடைமுறைக்கு மாறாக ஒருவன் நடந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தபாலில் ஒரு மீட்டர் வாங்கினேன். சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகினால் வண்டியின் வோல்டேஜைச் சிவப்பு எழுத்தில் காட்டும், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமான். வண்டியை ஸ்டார்ட் செய்து சொருகினேன். 14.1 என்று காட்டியது. நல்ல வண்டி அப்படித்தான் காட்ட வேண்டுமாம். ஏசியைப் போட்டேன். 13.1. அணைத்தேன். 14.1. மறுபடி போட்டேன். 13.1.

"சிக்கிட்டாருடி மாப்ள" என்றேன். பக்கத்தில் இருந்த கலையரசி, "வண்டிக்குள்ள காத்து சில்லுன்னு வருதா இல்லையா?" என்றாள். பெண்களுக்கு அளவையின் அருமை தெரியாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். (வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கு விவரம் உண்டு.)

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் ஓட்டியது காரை அல்ல, அந்த மீட்டரை. டேஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். காளவாசல் சிக்னல், ஏசியுடன், 13.0. பழங்காநத்தம் பாலம், ஏசியுடன், 13.2. திருப்பரங்குன்றம் ரயில்வே கேட், ஏசி இல்லாமல், 14.1, பின்னாலிருந்த பஸ்காரர் திட்டினார். செல்போனில் வீடியோக்கள் பார்த்தேன். ஒருத்தர் பேட்டரி என்றார். ஒருத்தர் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர், நம் ஊர்ப் பேச்சில் டைனமோ, சாகக் கிடக்கிறது என்றார். ஒரு பழைய லாரி மெக்கானிக், மொழியே புரியவில்லை, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிக் காட்டினார். வயரைக் கழற்றியும் வண்டி ஓடினால் ஆல்டர்னேட்டர் உயிரோடு இருக்கிறது, நின்றால் செத்துவிட்டது. இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. யார் வாய்ப்பேச்சையும் நம்ப வேண்டாம், வண்டியே வாக்குமூலம் கொடுத்துவிடும்.

இதற்கிடையில் எங்கள் வண்டியில் ஏசிக்குத் தடை போட்டிருந்தேன். மதுரை மே மாதம். கலையரசி ஒரு பனையோலை விசிறியை வாங்கி வந்து முன் சீட்டில் உட்கார்ந்து வீசிக்கொண்டே வருவாள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் பார்ப்பார்கள். அவளும் அவர்களைப் பார்த்து, வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் வேகமாக வீசுவாள்.

கடைசியில் அவள் தொல்லை தாங்காமல், அவளையும் கூட்டிக்கொண்டு செல்லூரில் காதர் பாயிடம் போனேன். கார் எலெக்ட்ரீஷியன். கடை இருக்கிற சந்தில் கார் நுழைவதே பெரும்பாடு, இரண்டு பக்கமும் தறிச் சத்தம். பாய் பானட்டைத் திறந்து தன் மீட்டரின் இரண்டு வயரையும் பேட்டரியில் வைத்தார். "ஏசியப் போடுங்கண்ணே, ஃபுல்லா." போட்டேன். அவர் மீட்டரைப் பார்த்துவிட்டு வயரைச் சுருட்டினார்.

"பதினாலு நிக்குது. டைனமோ குதிரை மாதிரி இருக்கு. போய்ட்டு வாங்க."

"ஏன் பாய், என் மீட்டர் பதிமூணு புள்ளி ஒண்ணுதான காட்டுது?"

"அது காட்டிட்டுப் போகுது. நீங்க சொருகியிருக்கிற லைன்லதான் ஏசிக் காத்தத் தள்ளுற ப்ளோயரும் இழுக்குது. வயரும் சின்னது. அங்கிட்டு வந்து சேர்றப்ப கொஞ்சம் இறங்கத்தான்ணே செய்யும். பேட்டரியில பாத்தாத்தான் கணக்கு."

எவ்வளவு என்று கேட்டேன். "பாத்ததுக்கு என்னண்ணே காசு, ஒண்ணும் வேணாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. காசு வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் கதவைத் திறந்து உட்காரப் போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "இது நம்ம முருகா வண்டில்ல? நல்லா இருக்காரா? சலாம் சொன்னேன்னு சொல்லுங்க."

எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் கூட்டு. திரும்பி வரும் வழி முழுக்க நான் கலையரசியிடம் பேசவே இல்லை. காதர் பாய் கடைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது அவள்தானே?

அந்த மே மாதக் கடைசியில்தான் செல்வியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. திருமங்கலம் தாண்டி உசிலம்பட்டி ரோட்டில் போய், உள்ளே பிரியும் மண்பாதையில் இருக்கிற மாப்ள வீட்டுக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது. தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து இறங்க வேண்டும், மாலை போட வேண்டும், பிள்ளையை மடியில் வாங்க வேண்டும். செல்விக்கு நான் ஒரே அண்ணன். மாப்ள வீட்டிலோ பெரிய கூட்டம். ஒரு மாதமாகச் செல்வி போனில் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, சீரு பெருசு சிறுசுன்னு ஒண்ணுமில்ல. நீ மட்டும் வெள்ளன வந்து நின்னுரு. எங்க மாமியா வீட்டு ஆளுக எல்லாரும் உன்னத்தான் பாப்பாக. பத்தரையோட நல்ல நேரம் முடியுது, பாத்துக்க."

"வாரேன்னு சொன்னா வந்துருவேன்" என்றேன்.

அம்மா முந்தின நாளே அங்கே போய்விட்டாள். காலையில் நான், கலையரசி, என் பெரியப்பா மூவரும் கிளம்பினோம். பெரியப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சீர்த்தட்டுகளைப் பின்னால் டிக்கியிலும், மிச்சத்தைப் பெரியப்பாவின் இரண்டு பக்கமும் அடுக்கினோம். ரோஜா மாலை அவர் மடியில். ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டோம். முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சரியாக ஒரு காரியத்துக்குக் கிளம்பியதே இல்லை.

ஏசி இல்லை. கண்ணாடியை இறக்கினால் தூசி உள்ளே வந்து பட்டுச்சேலையில் படிகிறது. ஏற்றினால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. திருமங்கலம் தாண்டும்போது பெரியப்பாவின் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மாலையிலிருந்து இதழ் உதிர ஆரம்பித்தது.

"ஏங்க, தட்டுல சாக்லேட்டு இருக்கு. உருகி ஓடப்போகுது. அஞ்சு நிமிசம் ஏசியப் போடுங்க" என்றாள் கலையரசி.

"டேய், மாலையக் காப்பாத்தணும்னாவது போடுடா. எனக்குன்னு கேக்கல" என்றார் பெரியப்பா.

போட்டேன். மீட்டர் 13.1 காட்டியது. சிறிது நேரத்தில் 13.0. ப்ளோயரை நாலில் வைத்ததும் 12.9.

பன்னிரண்டு! அதுவரை நான் பன்னிரண்டைப் பார்த்ததே இல்லை.  இதோ இன்னும் கொஞ்ச தூரத்தில் மண்பாதை வரும். அங்கே நின்றுபோனால் ஆள் கிடையாது, போன் எடுக்காது. மாப்ள இதைத் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். அவர் வீட்டு விசேஷத்துக்கே அவர் கொடுத்த வண்டியில் வந்து வழியில் நின்றேன் என்றால் என்னைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? என் மூளை இந்த ரீதியில் ஓடியது. தன் பெண்ணின் காதுகுத்தைத் தானே கெடுக்க ஒரு தகப்பன் எதற்குத் திட்டம் போட வேண்டும் என்று யோசிக்கிற இடத்துக்கு அது வரவே இல்லை.

ரோட்டோரம் ஒரு டீக்கடை தெரிந்தது. நாலு பேர் பெஞ்சில் இருந்தார்கள். நிற்பதென்றால் ஆள் இருக்கிற இடத்தில் நிற்கட்டும், இங்கேயே சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைக்கவில்லை. பானட்டைத் திறந்து, ஸ்பேனரை எடுத்தேன். (ஆமாம், ஸ்பேனர் வைத்திருந்தேன். சீர்த்தட்டுக்கு அடியில்.)

கலையரசி கண்ணாடியை இறக்கினாள். "என்ன செய்யப் போறீங்க?"

"வயரக் கழட்டப் போறேன். வண்டி ஓடுனா மாப்ள நல்லவரு. நின்னா என் சந்தேகம் சரி."

"நின்னுருச்சுன்னா நாம எப்படிப் போறது?"

 நான் பெரியப்பா பக்கம் திரும்பினேன். "பெரியப்பா, பஸ்சுல நீங்க இப்படிக் கழட்டிப் பாத்திருக்கீகளா இல்லையா?"

"பாத்திருக்கோம், பாத்திருக்கோம்" என்றார் அவர், ஏசிக் காற்றில் கண்ணை மூடிக்கொண்டே.

பெஞ்சிலிருந்த நாலு பேரும் டீ கிளாசோடு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். வேடிக்கை பார்க்க ஆள் வந்ததும் எனக்குத் தெம்பு கூடியது. நட்டைத் தளர்த்தி, கறுப்பு வயரைப் பிடுங்கினேன்.

எஞ்சின் ஒரு தடவை விக்கியது. உள்ளே மீட்டரில் பதினேழு என்னவோ ஓடியது என்று கலையரசி பிற்பாடு சொன்னாள். பிறகு அதன் முகம் கறுத்தது. ஏசி நின்றது. எஞ்சின் நின்றது. கருகிய வாடை லேசாக வந்தது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

பதறிப்போய் வயரை மறுபடி மாட்டினேன். மாட்டியதும் வண்டி அலற ஆரம்பித்தது. திருடனைக் கண்டால் அலறுகிற அலாரம் அது. நாலு விளக்கும் மின்ன, ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தியது. சாவியைத் திருகினேன், ஸ்டார்ட் ஆகவில்லை. ரிமோட்டை அமுக்கினேன், அது இன்னும் உச்சத்தில் கத்தியது. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு, சொந்த வண்டியே திருடன் என்று கத்த நான் ரோட்டோரம் நின்றேன்.

பெரியப்பா மாலையோடு இறங்கி வந்தார். "என்னடா செஞ்ச?"

"நீங்கதான பஸ்சுல கழட்டிப் பாத்தோம்னீக?"

"அது பஸ்சுடா! அதுல கம்ப்யூட்டரா இருந்துச்சு? அதுல கண்டக்டருதான் இருந்தான்!"

நேரம் ஒன்பது ஐம்பது. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு ஒரு ஆட்டோவைத் தேடியிருக்க வேண்டும். நான் மாப்ளைக்குப் போன் போட்டேன். அவர் எடுத்து, "மச்சான், எங்க வந்துட்டு இருக்கீக?" என்றார். அவ்வளவு நாள் நோட்டில் எழுதி வைத்ததெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது.

"வந்துட்டு இருக்கேனா? வண்டி செத்துப்போச்சு மாப்ள! ஆகாத வண்டின்னு தெரிஞ்சுதான என் தலையில கட்டுனீக? கழுவித் தொடச்சு, டேங்க ரொப்பிக் குடுத்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா? அந்தச் செல்லூரு பாயும் நீங்களும் கூட்டு, அதுவும் எனக்குத் தெரியும்!"

நான் பேசி முடித்தேன். போனுக்குள் என் குரலே தூரத்தில் "தெரியும்... யும்..." என்று எதிரொலித்தது. மாப்ள அப்போதுதான் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தாராம். இரைச்சலில் கேட்கவில்லை என்று போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு கையில் வைத்திருக்கிறார். இன்னொரு கையில் மைக். கோயில் மரங்களில் கட்டியிருந்த நாலு குழாய் ஸ்பீக்கரிலும் நான் பேசியதெல்லாம் போயிருக்கிறது. வந்திருந்த இருநூறு பேரும், சமையல் ஆட்களும், மொட்டை போட உட்கார்ந்திருந்த பிள்ளைகளும், பக்கத்து வயலில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

மாப்ள ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எந்த எடத்துல நிக்கிறீக மச்சான்?" சொன்னேன். அப்புறம் போன் கை மாறியது. செல்வி.

"அண்ணே."

நான் ஸ்பேனரைக் கீழே போட்டேன்.

"வந்துருவேல்ல?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் ஏதாவது சமாளித்திருப்பேன். "வாரேம்மா" என்றேன். போனை வைத்துவிட்டு டீக்கடைத் தண்ணீர்க் குடத்தில் மோந்து முகத்தைக் கழுவினேன். அலாரம் அதுபாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. வண்டி நின்றதற்காக இல்லை. இருநூறு பேர் நடுவில் என் தங்கை இப்போது எந்த முகத்தோடு நிற்பாள் என்று நினைத்துத்தான்.

பத்தே நிமிடத்தில் மண்பாதைப் பக்கமிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு குட்டியானை லோடு வண்டி வந்தது. மாப்ளயின் பாத்திர வண்டி. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து மாப்ளயே இறங்கினார். பிள்ளைக்குத் தகப்பன், கரை வேட்டியோடு, தன் வீட்டு விசேஷத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். என்ன திட்டப் போகிறாரோ என்று தயாராக நின்றேன்.

"தண்ணி குடிச்சீகளா?" என்று கேட்டுவிட்டு, நேரே டிக்கியைத் திறந்து தட்டுகளை எடுக்க ஆரம்பித்தார்.

(கூச்சத்தோடு இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில்கூட என் மனசு, 'இவரு ஏன் கோவப்பட மாட்டேங்கிறாரு, உள்ள என்ன வச்சிருக்காரு?' என்றுதான் கேட்டது. சில பிறவிகள் திருந்தாது.)

போகிற அவசரத்தில் அவர் பானட்டுக்குள் குனிந்து வயரைக் கழற்றிப் போட்டார். அலாரம் நின்றது. இவ்வளவு நேரம் எனக்கு அது தோன்றவே இல்லை. கலையரசியை முன்னால் உட்காரவைத்து, நாங்கள் மூன்று ஆண்களும் பின்னால் ஏறினோம். உள்ளே இரண்டு பெரிய அண்டா, ஒரு இட்லிக் கொப்பரை, கட்டுக் கட்டாக வாழையிலை. பெரியப்பா மாலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். மாப்ள கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்து, மடியில் இரண்டு தட்டை வைத்துக்கொண்டார். மண்பாதையில் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்கு அடக்க முடியவில்லை.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எதுக்கு அன்னைக்கு டேங்க ரொப்பிக் குடுத்தீக?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "செல்விதான் சொன்னா. 'எங்கண்ணன் வண்டி வாங்குன அன்னைக்கே ஒரு ரவுண்டு போவான், பாதி வழியில நின்னுரக் கூடாது, ரொப்பிக் குடுங்க'ன்னா. கழுவுனதும் அவதான். நான் ஆளு வச்சுக் கழுவிக்கலாம்னேன், கேக்கல."

 பெரியப்பா, "பாதி வழியில நின்னுரக் கூடாதுன்னா..." என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பத்து இருபதுக்குக் கோயில் வாசலில் போய் நின்றோம். மற்ற தாய்மாமன்களெல்லாம் மேளத்தோடு நடந்து வருவார்கள். நான் இட்லிக் கொப்பரைக்கும் வாழையிலைக் கட்டுக்கும் நடுவிலிருந்து குதித்து இறங்கினேன். கூட்டத்தில் யாரோ, ஸ்பீக்கரில் கேட்ட 'கூட்டு' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, "கூட்டாளி வந்துட்டாருப்பா" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. காது கொதித்தது எனக்கு.

அம்மா ஓடி வந்து என் காதில் குசுகுசுத்தாள். பெரியவர் ஒருவர், "நேரம் போகுது, நம்ம பக்கத்துலயே ஒரு மாமன் மடியில வச்சுக் குத்திருவோம்" என்று சொல்லியிருக்கிறார். ஆசாரியும் ஊசியை எடுத்துவிட்டார். செல்வி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொடுக்கவே மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். "எங்கண்ணன் சாமியவே சந்தேகப்படுவான். ஆனா வாரேன்னா வந்துருவான். பத்தரை வரைக்கும் யாரும் எம்பிள்ளையத் தொடக் கூடாது" என்றாளாம்.

அம்மாவைத் தாண்டி அவளைப் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும், "சட்டையெல்லாம் கரியா இருக்கு, தொடச்சுட்டு உக்காரு" என்றாள். அவ்வளவுதான். நான் அன்றைக்கு அழுதேன் என்று வீட்டில் சொல்வார்கள். புழுதி விழுந்தது என்று நான் சொல்வேன். அழத்தான் செய்தேன்.

மாலை போட்டு யாழினியை மடியில் வாங்கினேன். ஆசாரியின் கையில் இருந்த ஊசியை அவள் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியே மாமன் பார்வை" என்றது கூட்டம். நான் அவள் கையை மெதுவாக விலக்கினேன்.

"எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்டா குட்டி. மாமா சொல்றேன்ல?"

என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள். அடுத்த நொடி அவள் போட்ட சத்தம் என் வண்டியின் அலாரத்தைத் தோற்கடித்தது. மைக் அப்போதும் ஆன் செய்துதான் இருந்தது.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் காதர் பாய் கடையில் விட்டேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சம். அவர் பேரும்தானே ஸ்பீக்கரில் போயிருக்கிறது. அவர் காதுக்கும் வந்துவிட்டது போல. "வாங்க கூட்டாளி" என்றார். மூன்று நாள் கழித்து வண்டி தயார். பெரிய ஃப்யூஸ் ஒன்று, டைனமோவுக்குள் ஒரு பாகம், இன்னும் என்னென்னவோ போயிருந்தது. "அல்லா புண்ணியத்துல கம்ப்யூட்டரு தப்பிச்சிருச்சு" என்றார்.

பிறகு என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். எரிந்துபோன என் மீட்டருக்குப் பதிலாக அதே மாதிரி ஒன்றை யாரிடமோ வாங்கி ஓட்டையில் சொருகினார். தன் மீட்டரைப் பேட்டரியில் மாட்டி, நீளமான வயரில் என் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். ஏசியைப் போடச் சொன்னார். பேட்டரியில் 14.0. ஓட்டையில் 13.1. ப்ளோயரை நாலில் வைத்தேன். பேட்டரியில் 13.9. ஓட்டையில் 12.9. வண்டிக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. தப்பான இடத்தில் வைத்து அளந்திருக்கிறேன்.

பாய் சொருகிய மீட்டரைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"கடை கடையாப் போயி கேப்பீகளாமே. ஏண்ணே, இந்த மீட்டருக்கு எப்ப முத்திரை வச்சீங்க?"

இருபது வருடம் ஊரில் உள்ள தராசையெல்லாம் சந்தேகப்பட்டவன், தபாலில் வந்த ஒரு கட்டைவிரல் சாமானை ஒரு வார்த்தை கேட்காமல் நம்பியிருக்கிறேன். அதை நம்பிச் சொந்தத் தங்கை வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. அதே வண்டியைத்தான் இன்றைக்கும் ஓட்டுகிறேன், ஏசி போட்டுக்கொண்டு. குடும்பத்தில் யாராவது தாமதமாக வந்தால் "வோல்டேஜ் இறங்கிருச்சா?" என்பார்கள். யாராவது யாரையாவது சந்தேகப்பட்டால், "பன்னெண்டு புள்ளி ஒம்பது" என்றால் போதும், எல்லோரும் சிரிப்பார்கள். யாழினிக்கு எட்டு வயது. நான் எது சொன்னாலும், "எறும்பு கடிக்கிற மாதிரியா மாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்புவாள். அது சரிதான், என்னிடம் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

போன மாதம் செல்வியின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. அதே கோயில். முந்தின நாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் என் வீட்டு வாசலில் மாப்ளயின் குட்டியானை நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சாவியை நீட்டினார்.

"எதுக்கும் இருக்கட்டும்னு முருகாண்ணன் அனுப்புனாருங்க. கார் ஓடுனா கார்ல வருவீகளாம், இல்லன்னா இதுலயாம்."

வண்டியைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு மாலைகூடப் போட்டிருந்தது. நான் சுற்றி வந்து பார்த்தேன். டேங்க் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

(கலையரசிதான் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். விளிம்பு வரை நிறைந்திருந்ததாம்.)